மூடுபனிக்குள் போய் வந்தவர்கள்

என் அண்ணன் என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன இங்கிலீஷ் படத்தில், ஒரு சிங்கி இறால் கடலிலிருந்து எழுந்து வந்து ஒரு பட்டணத்தையே மிதித்துப் போட்டது. தூத்துக்குடியில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம் ஓட்டுகிற தியேட்டர் ஒன்று உண்டு. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரிப் பையன்கள், மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்தவர்கள் என்று கூட்டம் கலவையாக இருக்கும். திரையில் வெள்ளைக்காரர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. முன் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, இந்த ஓர் உருப்படியை ஐஸ் போட்டுக் கப்பலில் ஏற்றினால் போதும், நம் ஊருக்கே ஒரு வருஷம் அடுப்பெரியும் என்றார். நாங்கள் தினமும் கூடையில் பார்க்கிற ஜந்து அது. அதைப் பார்த்து எங்களுக்கு எப்படிப் பயம் வரும்?

அண்ணனுக்கு அந்த மாதிரிப் படங்கள் என்றால் உயிர். பறக்கும் தட்டு, வேற்றுக் கிரகத்து ஆட்கள், பேசும் இயந்திரம், அணுகுண்டுப் புகையில் வீங்கிப்போன பூச்சி, எது வந்தாலும் விடமாட்டார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா வத்தல் மண்டி வைத்திருந்தார். மண்டியை விட்டால் வீடு, வீட்டை விட்டால் மண்டி. அம்மாவுக்குச் சினிமா ஆகாது. அதனால் அண்ணனுக்குத் துணை, தங்கச்சி நான்தான். எனக்கு ஆங்கிலம் புரியாது. இருட்டில் என் காதோடு குனிந்து அவர் கதை சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கும் பாதிக்குமேல் புரிந்ததில்லை என்பதும், விஞ்ஞானி பேசுகிற வசனத்தையெல்லாம் அவராகவே இட்டுக்கட்டினார் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கல்லூரியில் பௌதிகம் எடுத்தேன். நூலகத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் கிடக்கும். அவற்றில் அந்தப் படங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குண்டு போட்ட தேசத்தில் குண்டைப் பற்றிய பயம் பெரிய பூச்சியாக வந்ததாம். அடுத்த வீட்டுக்காரன் ரகசியமாக எதிரிக் கட்சியில் சேர்ந்திருப்பானோ என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட நாட்களில், மனிதத் தோல் போர்த்திய வேற்றுக் கிரகத்து ஆள் வந்தானாம். வேலை போய்விடும் என்று பயந்தவர்களுக்கு இயந்திரம் எழுந்து நின்று பேசியதாம். நாங்கள் சிரித்த இடத்தில் அவர்கள் நிஜமாகவே நடுங்கியிருக்கிறார்கள். அவர்கள் பயம் எங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி நாங்கள் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு தடவை எங்கள் ஊரும் அப்படிப் பயந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம், வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்கக்காரர்களின் ஆய்வுக்கூடம் ஒன்று உடைந்து விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கே விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. உடன்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் வளர்த்த கிடாவையெல்லாம் அடித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். ஆலந்தலையில் மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை நின்றதாகக் கேள்விப்பட்டோம். உலகம் எவ்வளவு பெரியது, அதில் கடல் எவ்வளவு, நம் தலையில் விழ வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று அம்மாவிடம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கன விழும்னு தெரியாதுன்னா இங்கனயும் விழலாம்லா என்றாள். அண்ணன் மட்டும் அந்த வாரம் முழுக்க மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தான் பார்த்த படமெல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறது என்பார்.

மறுவருஷம் அவருக்குக் கல்யாணம். பெண் என் தாய்மாமா மகள். மாமா கொழும்பில் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். மதினி பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். அத்தை ஏற்கெனவே இறந்துவிட்டாள். மாமாவும் உடம்புக்கு முடியாமல் இருந்ததால் கல்யாணம் முடிந்த கையோடு அண்ணன் கொழும்புக்குப் போய்க் கடையைப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் மாமாவும் போய்விட்டார். வெள்ளவத்தையில் வீடு, புறக்கோட்டையில் கடை. மதினி நெடுநெடுவென்று வளர்ந்தவள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. எதற்கெடுத்தாலும் பெரிய குரலில் பேசுவாள், பெரிய குரலில் அழுவாள். ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது காலில் கட்டெறும்பு கடித்ததற்கு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அண்ணன் சிரித்துச் சிரித்து, ஏளா, எறும்பு செத்துருக்கும் உன் சத்தத்துல என்றார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் கொழும்பில் கலவரம் மூண்டது. முதலில் ரேடியோவில் இரண்டு வரி சொன்னார்கள். பிறகு துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சொன்னது வேறு மாதிரி இருந்தது. தமிழர் கடைகள் எரிகின்றன, வீடுகள் எரிகின்றன, ஆட்களை ரோட்டில் நிறுத்திக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். அப்பா மண்டியைச் சாத்திவிட்டுத் தந்தி ஆபீஸிலேயே கிடந்தார். எந்தத் தந்திக்கும் பதில் இல்லை. டிரங்க் கால் கிடைக்கவில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் கொழும்புக்குப் பிழைக்கப் போன ஆள் இல்லாத வீடு குறைவு. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தோம், நம்முடைய செய்தியும் அதோடு வந்திருக்கிறதா என்று.

அண்ணன் ஒரு சரக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அந்தக் கப்பலில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கொழும்புத் துறைமுகத்துக்குள் ஓடி வந்தவரை அடையாளம் கண்டு, சாக்குகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். தனியாக வந்தார். மதினி எங்கே என்று அம்மா கேட்டதற்கு அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்தான் சொன்னார், கடையில் இருந்தபோதே தீ வைத்துவிட்டார்கள், வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஓடி வந்திருக்கிறார், கப்பலிலிருந்து இரண்டு தடவை குதிக்கப் பார்த்தார், கட்டிப்போட்டுத்தான் கொண்டுவந்தோம் என்று. மதினிக்கு அப்போது நாலு மாதம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதன்பின் வந்த வாரங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா, யார் சமைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அப்பா ராமேஸ்வரத்துக்கும் மண்டபம் அகதி முகாமுக்கும் பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தார். வெள்ளவத்தை வீடு எரிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அந்த வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே இருப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வாசலில் பால்காரர் மணி அடித்தால் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, இந்நேரம் வீட்டில் என்ன சேதி வந்திருக்குமோ என்று வாசலைப் பார்ப்பேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். படத்துக்குப் போவோமா என்று கேட்டார். ஊர் திரும்பிய பிறகு அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன படம் என்று யார் கேட்டது? கிளம்பினோம்.

படத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். குளிர் தேசம். படகுகள் கடலுக்குப் போகின்றன. வானத்திலிருந்து ஏதோ விழுந்த இடத்தில் மூடுபனி எழும்பி அவற்றை விழுங்கிவிடுகிறது. கரையில் பெண்கள் காத்திருக்கிறார்கள். சில நாள் கழித்துப் படகுகள் திரும்புகின்றன. போன அத்தனை பேரும் வருகிறார்கள். அதே முகம், அதே குரல், அதே நடை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஆனால் வந்தவர்கள் அவர்கள் இல்லை. ஒரு மனைவிக்குச் சந்தேகம் வருகிறது. கணவனிடம் பழைய விஷயங்களைக் கேட்டுப் பார்க்கிறாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறான். இந்தத் தடவை நான்தான் அண்ணன் காதோடு குனிந்து கதை சொன்னேன்.

நடுவில் ஒரு காட்சி. வந்தவர்கள் எல்லோரும் ஒரு மாலையில் பேச்சில்லாமல் வீட்டை விட்டு இறங்கி, கையில் விளக்கோடு, மாறாதவர்கள் குடியிருக்கிற தெருவுக்கு நடந்து போகிறார்கள். ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கதவைத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எங்கள் தியேட்டரில் பையன்கள் விசிலடித்தார்கள். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடற்கரை ரோட்டில் நடந்தார். நானும் கூட நடந்தேன். வெயில் தலையைப் பிளந்தது. பழைய துறைமுகம் பக்கம் வந்ததும் நின்று பேச ஆரம்பித்தார். அவர் கடைக்குப் பக்கத்துக் கடை ஒரு சிங்களக்காரருடையதாம். மூன்று வருஷமாக மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம். மதினி கொடுத்துவிடுகிற மீன் குழம்பில் பாதி அவருக்கு. அன்றைக்குக் கூட்டம் வந்தபோது அந்த ஆள்தான் முன்னால் நின்றாராம், கையில் மண்ணெண்ணெய் டின்னோடு.

"என் பேரச் சொல்லித்தான் கூப்புட்டான்ளா. எப்பவும் கூப்புடுத மாதிரியே கூப்புட்டான். என்னக் காப்பாத்த வந்திருக்கான்னு நெனச்சு வெளிய வந்தேன். அதே மூஞ்சி, அதே சட்ட. ஆனா அது அவன் இல்ல. நான் யார்ட்ட சொன்னா நம்புவாவ, அது அவன் இல்லன்னு?"

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுததில் எனக்கு ஒரு ஆறுதல் வந்ததை மறைப்பதற்கில்லை. அடைத்திருந்தது உடைந்துவிட்டது, இனி தேறிவிடுவார் என்று நினைத்தேன். அவரால் தானாகச் சொல்ல முடியாத ஒன்றை, முகம் தெரியாத ஒரு தேசத்து ஆட்கள் தங்கள் பயத்தை வைத்து எடுத்த படம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இத்தனை வருஷம் அடுத்தவர் சட்டையைப் போட்டுச் சிரித்தோம். அன்றைக்கு அது எங்கள் வீட்டு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஐப்பசி பாதியில் மண்டபம் முகாமிலிருந்து ஆள் வந்தது. மதினி உயிரோடு இருக்கிறாள். அம்மா அரிசியை உலையில் போட்டபடியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா போய்க் கூட்டி வந்தார். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் எல்லோரும் நின்றோம். அப்பாவுக்குப் பின்னால் இறங்கிய பெண்ணை எனக்கே முதலில் தெரியவில்லை. முடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் தாலி இல்லை. பாதி ஆளாக இளைத்திருந்தாள். வயிறு ஒட்டிக் கிடந்தது. அவள் அண்ணனைப் பார்த்து அத்தான் என்றாள். குரல் அவ்வளவு மெதுவாக வந்தது.

அண்ணன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை கூப்பி, வாங்க என்றார்.

வெட்கத்தில், அதிர்ச்சியில் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் நீங்க, வாங்க, உட்காருங்க என்றுதான் பேசினார். ஏளா என்று கூப்பிட்ட வாய் அது. அன்றிரவு தன் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். மதினி எங்கள் அம்மாவோடு படுத்தாள். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெண் யார், எவ்வளவு நாள் நம் வீட்டில் இருப்பாள் என்று கேட்டார். மதினிதானே என்றேன். அவர் பரிதாபமாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் ஏமாந்துவிட்டேன் என்பது போல.

பிறகு கேள்விகள் தொடங்கின. கோபமாகக் கேட்கமாட்டார், விருந்தாளியிடம் ஊர் விசாரிக்கிற மாதிரி கேட்பார். கல்யாணத்தன்று பந்தியில் என்ன நடந்தது, வெள்ளவத்தை வீட்டில் எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது, கடைசியாகச் சண்டை போட்டது எதற்கு. மதினி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஆரம்பத்தில் ஆவலாகச் சொன்னாள், இதோ இந்தப் பதிலில் அடையாளம் கண்டுகொள்வார் என்று. ஒரு தடவை, அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை, நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே கூச்சத்தை விட்டுச் சொன்னாள். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் வந்து, எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்காவ, அந்தப் படத்துல மாதிரியே என்றார். சரியாகச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. தப்பாகச் சொல்லியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். தான் தான்தான் என்று நிரூபிக்க ஒரு மனுஷிக்கு உலகத்தில் எந்த வழியும் இல்லாமல் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இப்படி ஒரு நோய் இருக்கிறது, புத்தகத்தில் இதற்குப் பெயர் உண்டு, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு வருவதுண்டு என்றார். அந்தப் படம் பார்த்ததால் வந்ததா என்று கேட்டேன். படம் பார்த்த எல்லோருக்கும் வரவில்லையே அம்மா என்றார். மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டால் அண்ணன் பகலெல்லாம் தூங்கினார். விழித்தால் அதே கேள்வி. அம்மா திருச்செந்தூருக்கு நடந்தாள். அப்பா யாரோ சொன்னதைக் கேட்டுத் தாயத்துக் கட்டினார். எதற்கும் அசையவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணன் தினமும் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தார். கொழும்பிலிருந்து வருகிற கப்பல் ஆட்களிடம் தன் மனைவியைப் பற்றி விசாரிப்பார். உயரமாக இருப்பாள், நீளச் சடை, நாலு மாதக் கர்ப்பிணி. மதினி காலையில் எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். அதை வாங்கிக்கொண்டு, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு, அவர் அவளைத் தேடிப் போவார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான். அந்தத் தூக்குச் சட்டி கை மாறுவதைப் பார்க்க முடியாமல் சீக்கிரமாகவே கிளம்பிப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அம்மா மதினியிடம், நீ என் மகளா இருந்தா உன்ன வேற எங்கனயாவது கட்டிக் குடுத்திருப்பேன் என்று சொல்லி அழுதாள். மதினி அழவில்லை. கட்டெறும்புக்கு ஊரைக் கூட்டியவள் அழவே இல்லை. அது எனக்கும்கூட ஒரு மாதிரியாக இருந்தது. அண்ணன் சொல்வதில் ஏதோ இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் எனக்கும் ஓடியது.

கார்த்திகையில் அடைமழை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அண்ணன் துறைமுகத்திலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். கப்பலே வரவில்லை. மதினி துண்டு கொடுத்து இலை போட்டாள். அவர் உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எச்சில் கையோடே கும்பிட்டார்.

"உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். அவள எங்க வச்சிருக்கீங்க? உசுரோட இருக்காளான்னு மட்டும் சொல்லிருங்க."

மதினி அகப்பையைக் கீழே வைத்தாள். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவ இல்ல அத்தான். செத்துட்டா" என்றாள்.

நான் குறுக்கே போகப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மதினி அப்போதுதான் முதன்முதலாக நடந்ததைச் சொன்னாள். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா ஒருத்தி, கூட்டம் தெருவுக்குள் வருவதற்கு முன் அவளை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். கத்திரிக்கோலால் சடையை வெட்டினாள். தாலியைக் கழற்றித் தோட்டத்தில் புதைத்தாள். சிங்களப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற தன் கம்பாயத்தைக் கட்டிவிட்டு, பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்து, வாசலில் நிறுத்தினாள். வந்தவர்கள் இங்கே தமிழர் உண்டா என்று கேட்டார்கள். மதினி சிங்களத்தில், சிரித்துக்கொண்டே, இல்லை என்று சொன்னாள். எதிரே அவள் வீடு எரிந்துகொண்டிருந்தது. பிறகு பரண்மேல் ஏற்றி ஒளித்து வைத்தாள் அந்த அம்மா. அங்கேதான் பிள்ளை கலைந்தது. கீழே ஆட்கள் நடமாட்டம். பிறகு ஜுரத்தோடு தெற்கே ஒரு கிராமத்துக்கு, அந்த அம்மாவின் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எழுந்து நடக்கவே வாரக்கணக்கானது. தலைமன்னார் வரை கூடவே வந்து கப்பலேற்றிவிட்டதும் அந்த அம்மாதான்.

"பிள்ள போகும்போது வாயில துணிய அடச்சிக்கிட்டு சத்தம் போடாம கெடந்தது நான். உங்க பொண்டாட்டியா இருந்தா கத்தியிருப்பா. கத்தி, செத்திருப்பா. நீங்க தேடுதவ வரமாட்டா அத்தான். நீங்களும் கொழும்புல அன்னைக்குக் காலைல சோத்துச் சட்டிய வாங்கிட்டுப் போனவரு இல்ல. அவரும் வரமாட்டாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அண்ணன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவர் கத்துவார், அல்லது எழுந்து வெளியே ஓடுவார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் தலையைத் தூக்கி, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

இல்லை என்றாள் மதினி. அம்மா எழுந்து போய் இன்னோர் இலை கொண்டுவந்து போட்டாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் துறைமுகத்துக்குப் போனார். அடிக்கடி போனது எப்போதாவது போவதாகி, எப்போது நின்றதென்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. கேள்வி கேட்பது நின்றது. கதவைத் தாழ் போடுவது நிற்க ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. அப்பாவின் மண்டியில் உட்கார ஆரம்பித்தார். மதினி முடி வளர்க்கவில்லை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மதினியை அவர் தன் பழைய மனைவி என்று ஒப்புக்கொண்டாரா, வந்த இடத்தில் சேர்ந்துகொண்ட வேறொருத்தியாக ஏற்றுக்கொண்டாரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மதினிக்குத் தெரியுமா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. நீங்க என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். பொண்டாட்டியை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற மனுஷன் உண்டா என்பார்கள். மதினி பேச்சை மாற்றிவிடுவாள்.

நான் அந்த வகைப் படங்களை விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு டி.வி. வந்தது, வீடியோ கேசட் வந்தது. ஒவ்வொரு காலத்திலும் எது வருகிறது என்று பார்ப்பேன். கிருமி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. வேற்று ஆளாக மாறிப்போகிறவர்களின் கதை மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது, ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்து நடுங்கிக்கொண்டே இருக்கிறார் என்று எனக்குத் தெரிவிப்பது போல.

குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணன் சம்பந்தமில்லாமல் அந்தச் சிங்கள அம்மாவைப் பற்றி மதினியிடம் கேட்டார். அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். கூட்டத்துக்குப் பயப்படாமல் எப்படி உங்களை வைத்துக்கொண்டாள் என்றார். மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பயப்படாமல் எங்கே, கை நடுங்கி நடுங்கித்தான் முடியை வெட்டினாள், காதுகூடக் கிழிந்தது என்றாள். அன்றைக்கு வேறு தெருக்களைக் கொளுத்திய கூட்டத்தில் அந்த அம்மாவின் மகனும் இருந்தான் என்றாள். அவனுக்குத் தெரியாமல்தான் அவளைப் பரண்மேல் வைத்திருந்தது. அவன் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து கீழே உட்கார்ந்தபோது இவள் மேலே கிடந்தாள்.

இதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அண்ணன் ஒரு கீரைக் கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தம்மாவும் அவனப் பாத்து, இது என் மகன் இல்லன்னு நெனச்சிருப்பாவல்லா?"

"அவிய மனசுல என்ன இருந்துச்சோ" என்றாள் மதினி. "அவனுக்கும் சோறு போட்டாவ."